பவளத் தொட்டிக்கு எந்த விளக்கு?

சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர் என்பது ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் உள்ள சிறுவர்களுக்குக்கூடத் தெரியும். முன்பெல்லாம் ஒரு ஜோடி கப்பி, ஒரு தங்கமீன், ஒரு கண்ணாடித் தொட்டி என்ற அளவில் ஆசை அடங்கிவிடும். இப்போது அது கடல்வரை போய்விட்டது. நீல ஒளியில் மின்னும் பவளங்களையும் அவற்றினிடையே நீந்தும் கோமாளி மீனையும் படங்களில் பார்த்த மாணவர்கள், "நம் வீட்டிலும் இப்படியொரு தொட்டி வைக்க எத்தனை வாட் விளக்கு வாங்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள்.

கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் "எத்தனை வாட்?" என்று தொடங்குவது சரியன்று என்பது என் கருத்து. அந்த ஒளியை உண்ணப்போவது யார் என்பதை முதலில் கேட்க வேண்டும். அந்த வழியில் கணக்குப் போட்டுக்கொண்டே போனால், வடசென்னை வீடு ஒன்றில் பவளத்துக்கு விளக்கு வாங்குவது வேண்டாத வேலை என்ற முடிவுக்கு நீங்களே வந்துவிடுவீர்கள். கணக்கைப் பார்ப்போம்.

மீனுக்கு விளக்கு உணவன்று. பகல் எது, இரவு எது என்று தெரிந்தால் அதற்குப் போதும். நம் வீட்டுக் குழல்விளக்கே தாராளம். பவளத்தின் கதை வேறு. பவளம் செடியுமன்று, கல்லுமன்று. அது ஒரு விலங்கு. சுண்ணாம்புக் கிண்ணத்துக்குள் அமர்ந்து, வாயைச் சுற்றிக் கொடுக்குகளை விரித்துக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு உயிர். அதன் திசுக்களுக்குள் சூசாந்தெல்லே என்னும் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்தின் மேற்பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து இலட்சம் என்ற கணக்கில் இவை நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். ஒளிச்சேர்க்கை செய்து தாம் உண்டாக்கும் சர்க்கரையில் பெரும்பகுதியை வீட்டுக்காரப் பவளத்துக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகின்றன. திட்டு அமைக்கும் பவளங்கள் பலவற்றுக்குத் தேவையான ஆற்றலில் மிகப்பெரும் பங்கு இந்த வாடகையிலிருந்துதான் வருகிறது. ஆக, நாம் விளக்கு வாங்குவது பவளத்துக்குக்கூட அன்று, அதனுள் இருக்கும் பாசிக்கு.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு விளக்குப் பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். வாட் என்று ஓர் எண், லூமன் என்று ஓர் எண், கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். வாட் என்பது அந்த விளக்கு விநாடிக்கு எவ்வளவு மின்னாற்றலை உட்கொள்கிறது என்பதைச் சொல்கிறது. அதில் எவ்வளவு ஒளியாகிறது, எவ்வளவு வெப்பமாகிறது என்று சொல்வதில்லை. லூமன் இன்னும் வேடிக்கையானது. அது மனிதக் கண்ணை வைத்து அமைத்த அளவு. நம் கண் பகல் வெளிச்சத்தில் பச்சை நிறத்தை, அதாவது 555 நானோமீட்டர் அலைநீளத்தை, மிக நன்றாகக் காண்கிறது. நீலத்தை மங்கலாகத்தான் காண்கிறது. எனவே ஒரு வாட் ஆற்றலுள்ள அந்தப் பச்சை ஒளி 683 லூமன் ஆகிறது. அதே ஒரு வாட் ஆற்றலுள்ள, 450 நானோமீட்டர் நீல ஒளி ஏறத்தாழ 26 லூமன்தான். பாசியின் நிலை இதற்கு நேர் எதிர். அதிலுள்ள பச்சையமும் அதற்குத் துணையான நிறமிகளும் நீலத்தை ஆவலோடு உட்கவர்கின்றன. பச்சைப் பகுதியை அவ்வளவாக விரும்புவதில்லை. லூமன் பார்த்து விளக்கு வாங்குகிறவர், விருந்தாளிக்கு என்ன பிடிக்கும் என்று கேட்காமல் தனக்குப் பிடித்ததைச் சமைத்து வைக்கிறவரைப் போன்றவர்.

கெல்வின் எண் நிறத்தைச் சொல்வது. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின். பவளத் தொட்டிக்கென்று விற்கும் விளக்குகளில் 14,000 என்றும் 20,000 என்றும் எழுதியிருப்பதைக் கண்டு, சூரியனைவிட மூன்று மடங்கு சூடான பொருள் உள்ளே இருக்கிறதோ என்று அஞ்ச வேண்டாம். அவ்வளவு சூடான பொருள் ஒன்று இருந்தால் எவ்வளவு நீலமாக ஒளிருமோ, அவ்வளவு நீலம் என்பதுதான் பொருள்.

அப்படியானால் பாசிக்கு ஏற்ற அளவுகோல் எது? ஒளிச்சேர்க்கையில் ஒளி, ஃபோட்டான் என்ற துகள்களாக வேலை செய்கிறது. பச்சையம் அவற்றை எடைபோட்டு வாங்குவதில்லை, எண்ணி வாங்குகிறது. ஆகவே 400 முதல் 700 நானோமீட்டர்வரை உள்ள ஃபோட்டான்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை விழுகின்றன என்று எண்ணுவதே சரியான முறை. எண்ணிக்கை மிகப் பெரிதாகிவிடுவதால் மைக்ரோமோல் என்ற மூட்டையில் கட்டிச் சொல்கிறார்கள். ஒரு மைக்ரோமோல் என்பது ஏறத்தாழ 6-க்குப் பின்னால் 17 சுழிகள் போட்டால் வரும் எண்ணிக்கை. உச்சி வெயிலில் இந்த அளவு 2,000 மைக்ரோமோல் அளவுக்குப் போகும். குழல்விளக்கு எரியும் நம் வீட்டு அறையில், மேசைமேல் 300 லக்ஸ் வெளிச்சம் இருந்தால், அது சுமார் 4 மைக்ரோமோல்தான்! அறை பளிச்சென்று இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்; நம் கண் அவ்வளவு இணங்கிப்போகும் உறுப்பு. மென்மையான பவளங்களுக்குப் பொதுவாக 50 முதல் 150 வரையும், கிளைவிட்டு வளரும் கடினப் பவளங்களுக்கு 200 முதல் 350 வரையும் வேண்டும் என்று வளர்ப்போர் கணக்கிடுகிறார்கள்.

நீலம் ஏன் என்ற கேள்வி இங்கே எழும். நம் மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி. வி. ராமன் 1921-இல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்தபோது அதன் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு வியந்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று அதுவரை பெரியவர்கள் சொல்லிவந்ததை அவர் ஏற்கவில்லை. பிரதிபலிப்பை நிக்கல் பட்டகத்தால் தடுத்துவிட்டுப் பார்த்தார், நீலம் மறையவில்லை. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்று காட்டினார். இதோடு நீர் சிவப்பை விழுங்கிவிடும் இயல்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தூய நீரில் 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி ஒரு மீட்டர் போவதற்குள் ஏறத்தாழ 30 விழுக்காடு அழிந்துவிடும். 10 மீட்டர் ஆழத்தில் நூற்றுக்கு மூன்று பங்குதான் மிஞ்சும். நீலமோ அந்த ஆழத்திலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இருக்கும். ஆழத்தில் வாழும் பவளப் பாசிகள் கிடைத்ததை உண்டு பழகியவை.

ஆனால் நம் தொட்டியின் ஆழம் அரை மீட்டர்கூட இராது. அந்த ஆழத்தில் சிவப்பு ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடாது. விளக்குக்கும் பவளத்துக்கும் இடையே உள்ள தூரம் கூடும்போது ஒளி பரவி மெலிகிறதே, அதுதான் பெரிய இழப்பு. நீல விளக்கு வாங்கச் சொல்பவர்கள், நீல ஒளியில் பவளத்தின் நிறமிகள் உடனொளிர்ந்து அழகாகத் தெரிவதையும் எண்ணித்தான் சொல்கிறார்கள். அந்த அழகு பாசிக்காக அன்று, நமக்காக. தவறில்லை, ஆனால் எது யாருக்காக என்று தெரிந்து வாங்குவது நல்லது.

இனி விளக்கின் வகைகள். பவளத் தொட்டிக்காரர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தது மெட்டல் ஹாலைடு விளக்கு. விளையாட்டு மைதானங்களில் எரிந்த அதே இனம்தான். வெளிச்சத்துக்குக் குறைவில்லை, வெப்பத்துக்கும் குறைவில்லை. பிறகு மெல்லிய டி-5 குழல்விளக்குகள் வந்தன. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த ஜப்பானிய அறிவியலறிஞர்கள் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீல எல்.இ.டி.தான் இன்று பெரும்பாலான தொட்டிகளின்மேல் தொங்குகிறது. நம் வீட்டு வெள்ளை எல்.இ.டி. பல்பும் உண்மையில் ஒரு நீல எல்.இ.டி.தான், மேலே பூசியுள்ள மஞ்சள் ஒளிர்பொருள் நீலத்தின் ஒரு பகுதியை மாற்றி, கலவையை வெள்ளையாகக் காட்டுகிறது.

வெப்பத்தை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு ஒன்று நாளுக்கு 10 மணி நேரம் எரிகிறது. விநாடிக்கு 250 ஜூல், 36,000 விநாடிகள். மொத்தம் 90 இலட்சம் ஜூல். அதில் பாதி நீருக்குள் போகிறது என்று கொள்வோம். தொட்டியில் 200 கிலோ கடல்நீர் இருந்தால், அதை ஒரு டிகிரி சூடாக்க 8 இலட்சம் ஜூல் போதும். 45-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள். வெப்பம் எங்கும் தப்பாவிட்டால் ஒரே நாளில் ஐந்தரை டிகிரி ஏறிவிடும்! ஆவியாதலால் கொஞ்சம் தப்பும் என்பது உண்மை. ஆனால் மே மாதத்துச் சென்னையில், சுற்றியுள்ள காற்றே பவளம் தாங்கும் எல்லையைக் கடந்து நிற்கும்போது எவ்வளவு தப்பிவிடும்? எல்.இ.டி. வைத்தாலும் கோடையில் நீர்க் குளிர்விப்பான் இல்லாமல் பவளம் பிழைப்பது அரிது. மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 ஆண்டுகளின் கோடைகளில் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறியபோது, பவளங்கள் தம் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்து நின்றன. சூடான நீரில் வலுவான வெளிச்சமும் சேர்ந்தால் பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகி, நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்கத் தொடங்கும். அப்போது குடியிருப்பவரைப் பவளமே வெளியே தள்ளுகிறது. ஆகவே வெளிச்சம் கூடக்கூட நல்லது என்பதும் பிழை.

சட்டத்தைச் சொல்ல அதிக இடம் வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கடினப் பவளங்கள், கறுப்புப் பவளம், குழல் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியன சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கும் பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. நம் கடலில் இவற்றைப் பிடுங்குவதும் விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். திட்டிலிருந்து பெயர்த்து 'உயிர்ப்பாறை' என்று கொடுப்பதும் பவளக்கல்தான். இந்தக் கண்டிப்பு தேவையா என்று யாரேனும் கேட்டால், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைப் பற்றிச் சொல்லுங்கள். அவற்றுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. அரணாக நின்ற பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இன்னொரு கணக்கு. அந்த 250 வாட் விளக்கு நாளொன்றுக்கு இரண்டரை யூனிட், மாதத்துக்கு 75 யூனிட் மின்சாரம் தின்னும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் அறிவித்தார்களே, அதை இந்த ஒரு விளக்கே விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். குளிர்விப்பானின் பசி தனி. கட்டணத்தை அப்பா கட்டிவிடுவார் என்று வைத்துக்கொண்டாலும், மின்சாரம் எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்? நீர், காற்று, அணு, சூரியன் என்று பல வழிகளில் அது வருகிறது. ஆனால் நமக்கு மிக அருகில் அது பிறக்கும் இடம் அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையம். எண்ணூரில் 1970-இல் தொடங்கிய பழைய அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டுவிட்டது. நம் விளக்கின் மின்சாரம் முழுவதும் நிலக்கரியிலிருந்து வந்தால், யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் வீதம் மாதம் 50 கிலோவுக்கு மேல் எரிக்க வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஆக, மாதந்தோறும் 17, 18 கிலோ சாம்பல் மிஞ்சும்.

அந்தச் சாம்பலை நீரோடு கலந்து குழம்பாக்கிக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். வழியில் குழாய்கள் கசிந்து, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்துபோனதைப் பற்றி அங்குள்ள மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்தார்கள். 2022-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கழிமுகத்தைச் சீரமைக்க உத்தரவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெயும் வந்து அதே நீரில் பரவியது.

சாம்பல் நீரில் என்ன செய்யும்? ஆற்றுத் தரையில் படிந்து ஆழத்தைக் குறைக்கும்; நண்டும் இறாலும் ஒதுங்கும் சேற்றை மூடும். மிதக்கும் நுண்துகள்களோ வெளிச்சத்தை மறிக்கும். கழிமுகத்திலும் ஒளியை உண்ணும் பாசிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்த மிதவைப் பாசிகளை உண்டு சிற்றுயிர்கள் வளர்கின்றன. அவற்றை உண்டு இறால் வளர்கிறது. அந்த இறாலைக் கையால் தடவிப் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் எண்ணூரில் இருக்கின்றன. வீட்டுக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பாசிக்கு வெளிச்சம் கொடுப்பதற்காக எரித்த கரியின் சாம்பல், வெளியே செலவில்லாமல் சூரிய ஒளி பெற்றுக்கொண்டிருந்த பாசியின் வெளிச்சத்தை மறைக்குமானால், இந்த வியாபாரத்தில் நமக்கு என்ன இலாபம்? ஒரு தொட்டியால் கழிமுகம் கெட்டுவிடாது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். சாம்பலைச் சிந்தாமல் கையாள வேண்டிய பொறுப்பு மின் நிலையத்துடையதே தவிர மாணவருடையதன்று. இருந்தாலும் மாதம் 75 யூனிட் எதற்காக என்ற கேள்விக்கு நம்மிடம் விடை இருக்க வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, தொட்டியே வேண்டாம் என்று சொல்வேனா? வேண்டும்; வேறு தொட்டி வேண்டும். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் தெற்கிலிருந்து வந்த மணல் தடுக்கப்பட்டு மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின்மேல் இன்று பச்சைப்பசேலென்று கீரை இலைபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது உல்வா என்னும் கடற்பாசி. சட்டம் தடுக்காதது, காசில்லாமல் கிடைப்பது, நம் ஊர் வெயிலில் பழகியது. அலை இறங்கிய நேரத்தில், பெரியவர் ஒருவர் துணையோடு (பாறை வழுக்கும்!) ஒரு கைப்பிடி எடுத்துவரலாம். துறைமுகத்துக்கு அப்பால், படகில் போகிறவர்களிடம் சொல்லி எடுத்த தெளிந்த கடல்நீர் 30 லிட்டர் போதும். மீன் வேண்டுமென்றால், பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்த கோமாளி மீன் கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கான முறையை வெற்றிகரமாகக் கண்டிருக்கிறார்கள். ஒரு கவிழ்த்த மண்சட்டி அதற்கு வீடாகும்.

இந்தத் தொட்டிக்கு 6,500 கெல்வின் என்று எழுதிய 20 வாட் வெள்ளை எல்.இ.டி. ஒன்று, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்தால் போதும். ஒளியில் பாதி நீரில் விழுந்தாலும் 8,000 லக்ஸ் அளவுக்கு வரும். அதாவது சுமார் 100 மைக்ரோமோல். உல்வா அதில் நன்றாக வேலை செய்யும். நாளுக்கு 8 மணி நேரம் எரித்தால் மாதம் 5 யூனிட் ஆகும். விளக்கை உறுதியாகக் கட்டி, மின்கம்பி தொட்டியைவிடத் தாழ்ந்து தொங்கிப் பிறகு மேலேறிப் பிளக்குக்குப் போகும்படி செய்யுங்கள். வழியும் உப்புநீர் பிளக்கை எட்டாது. இணைப்பை வீட்டுப் பெரியவர் ஒருவர் பார்த்துச் சரியென்று சொன்னபின் போடுங்கள்.

பள்ளியில் ஹைட்ரில்லாவை வைத்துச் செய்யும் சோதனையை இங்கே உல்வாவை வைத்துச் செய்யலாம். கவிழ்த்த புனல், அதன்மேல் நீர் நிரம்பிய சோதனைக் குழாய். விளக்கின்மேல் நீலத்தாள், சிவப்புத்தாள், பச்சைத்தாள் என்று மாற்றி மாற்றிக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரத்தில் குழாயில் சேரும் வாயுவின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கை இருமடங்கு தூரம் உயர்த்தியும் பாருங்கள். பவளத் தொட்டியில் விலையுயர்ந்த கருவி வைத்துப் பார்ப்பதை நீங்கள் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடுவீர்கள். தொட்டியைக் கலைக்கும்போது அதிலுள்ள உயிர்களைக் கழிமுகத்திலோ கடலிலோ கொட்டவேண்டாம். தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு சிப்பியினம் எப்படியோ வந்து எண்ணூர்ச் சேற்றைப் போர்வைபோல் மூடியிருக்கிறது. காக்கா ஆழி என்று மீனவர்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

ராயபுரம் கடலோரத்தில் பவளத்திட்டு ஏன் இல்லை என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. ஆறுகள் கொண்டுவரும் சேறு, மழைக்காலத்தில் குறையும் உப்புச்செறிவு, கலங்கிய நீர் எல்லாம் சேர்ந்துதான் காரணம். கலங்கல் எவ்வளவு என்று நீங்களே அளக்கலாம். 1865-இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி பயன்படுத்திய கருவி போதும்: ஒரு வெள்ளைத் தட்டு, நடுவில் ஒரு துளை, கீழே ஒரு கல், மேலே முடிச்சுப் போட்ட கயிறு. தட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே கணக்கு. எண்ணூரில் படகு வைத்திருக்கும் உறவினரோ தெரிந்தவரோ இருந்தால், அவரோடு போய் கழிமுகத்தின் உள்ளே ஓரிடம், முகத்துவாரத்தில் ஓரிடம், கடலில் ஓரிடம் என்று மூன்று இடங்களில் நண்பகல் வேளையில் அளந்து நோட்டில் எழுதுங்கள். டிசம்பர் வெள்ளம் வடிந்ததும் ஒரு முறை, மார்ச்சில் ஒரு முறை, மீண்டும் அடுத்த டிசம்பரில் ஒரு முறை.